கால்சட்டைக்குள் குண்டு: ஆர்தர் லோ என்ற குணச்சித்திர நடிகர்

1973ஆம் வருடம். பிபிசியில் ஓடிக்கொண்டிருந்த ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடருக்கு ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்ட்டும் ஒரு புது அத்தியாயம் எழுதிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம். இங்கிலாந்தின் தென்கரையில் வால்மிங்டன் என்ற கற்பனை ஊர். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டனையும் அவன் ஆட்களையும் ஒரு ராத்திரி காவல் காக்கும் வேலை அங்குள்ள ஊர்க்காவல் படையின் தலையில் விழுகிறது. விடிவதற்குள் பிடித்தவனும் பிடிபட்டவனும் இடம் மாறிவிடுகிறார்கள். ஜெர்மானியன் ஊர்ப்படைத் தலைவரின் கால்சட்டைக்குள் பின்பக்கமாக ஒரு கையெறி குண்டைச் செருகி, அதில் கயிற்றைக் கட்டி, நுனியைக் கையில் பிடித்தபடி தெருவழியே நடத்திக் கூட்டிப்போகிறான். எழுதியவர்கள் நினைத்தது இப்படி.

தலைவர் கேப்டன் மேனரிங்காக நடித்தவர் ஆர்தர் லோ. படித்துப் பார்த்துவிட்டு, முடியாது என்றார். தன் கால்சட்டைக்குள் எதையும் விட அவர் சம்மதிக்கவில்லை. கால்சட்டையைக் கழற்றும் காட்சி எதிலும் நடிக்க மாட்டேன் என்பது அவர் ஏற்கெனவே போட்டிருந்த நிபந்தனை. இது அதன் நீட்சி. எழுத்தாளர்கள் மல்லுக்கட்டவில்லை. குண்டு கிளைவ் டன் நடித்த கார்ப்பரல் ஜோன்ஸின் கால்சட்டைக்குப் போனது. பதறிப் பதறிப் பேசும் அந்தக் கிழவரின் பின்னால் கயிறு தொங்க, மொத்தப் படையும் அவருக்காக நடுங்கிக்கொண்டே நடக்கிறது. காட்சி முன்பைவிட நன்றாக அமைந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. மேனரிங் கால்சட்டையில் குண்டு இருந்திருந்தால் அது ஒரு ஆளின் அவமானம். ஜோன்ஸிடம் இருக்கும்போது மேனரிங்குக்கு இரண்டு வேலை: தன் ஆளைக் காப்பாற்ற வேண்டும், தன் கெத்தையும் காப்பாற்ற வேண்டும்.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி இந்த மறுப்பிலிருந்துதான் வருகிறது. ஒரு நடிகனின் வீறாப்பு அவனுக்கு எவ்வளவு சோறு போடும், எவ்வளவு பிடுங்கிக்கொள்ளும்? லோவின் வாழ்க்கையில் இரண்டு கணக்கும் தெளிவாகத் தெரிகிறது.

ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை

ஆர்தர் லோ 1915 செப்டம்பர் 22 அன்று டெர்பிஷயர் மாவட்டத்தின் ஹேஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது மான்செஸ்டரின் லெவென்ஷூம் பகுதியில். அப்பா பெயரும் ஆர்தர்தான். வீட்டில் அவர் ‘பெரிய ஆர்தர்’. ரயில்வே கம்பெனியில் வேலை. ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் கம்பெனிகளைத் தனி ரயில்களில் ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்புகளில் ஒன்று. நடிகர்கள், மூட்டை முடிச்சுகள், மடித்துக் கட்டிய திரைச்சீலைகள், மேஜை நாற்காலிகள் எல்லாம் ஒரே வண்டியில் அடுத்த ஊருக்குப் போகும். பையன் நாடகத்தை முதலில் மேடைக்கு முன்னாலிருந்து பார்த்தானோ, சரக்கு ஏற்றும் பக்கத்திலிருந்து பார்த்தானோ, நாடகம் என்பது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வேலை என்ற எண்ணம் அவனுக்குள் நன்றாக வேரூன்றிவிட்டது. பிற்காலத்தில் லோவைப் பற்றிப் பேசியவர்கள் கலைஞன் என்பதற்கு முன்னால் தொழில்காரர் என்று சொன்னதற்கு விதை இங்கே இருக்கலாம்.

அவர் ஆசைப்பட்டது கப்பலுக்கு. வணிகக் கப்பலில் சேரப் பார்த்தார். கண்பார்வை போதவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். (பல வருடம் கழித்து, காசு வந்ததும், 1885இல் கட்டிய ‘அமேசான்’ என்ற பழைய நீராவிப் படகு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு அதிலேயே காலம் கழித்தார். சில ஆசைகள் சும்மா போவதில்லை.) கார் உதிரி பாகம் விற்கும் கம்பெனியில் எடுபிடி வேலை, பிறகு ஃபேரி விமானத் தொழிற்சாலையில் வேலை, போர் தொடங்கவிருந்த நேரத்தில் ராணுவம். மத்தியக் கிழக்கில் இருந்தபோது படையினரின் பொழுதுபோக்குக்காகப் போட்ட நாடகங்களில்தான் முதன்முதலாக ஒழுங்காக நடித்தார். வெளியே வந்தபோது அவர் சார்ஜென்ட் மேஜர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1945இல் மான்செஸ்டர் ஹியூம் ஹிப்போட்ரோமில் தொழில்முறை நடிகரானார். தினம் இரண்டு காட்சி, வாரச் சம்பளம் 5 பவுண்டு. பிரிட்டனில் அன்று ‘ரெப்’ என்று சொல்வார்கள்: ஒரே குழு, ஒரே அரங்கு, வாரம் ஒரு நாடகம். ராத்திரி இந்த வார நாடகம், காலையில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, நடுவில் கிடைக்கும் நேரத்தில் வசன மனப்பாடம். திங்கட்கிழமை பாதிரியார், அடுத்த திங்கட்கிழமை கொலைகாரன், அதற்கடுத்த வாரம் மாமனார். இருபது வயது ஆளுக்கு அறுபது வயது வேஷம் சர்வ சாதாரணம். முப்பது வயதிலேயே வழுக்கையும் தொப்பையுமாக இருந்த லோவுக்குக் கதாநாயக வேஷம் வரப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு வங்கிக்காரர், ஒரு போலீஸ்காரர், ஒரு மாமனார் உண்டே. தமிழில் நாம் குணச்சித்திர நடிகர் என்று மரியாதையாகச் சொல்கிறோம். அந்தக் காலத்து ரெப் கம்பெனியில் அது ஒரு வேலைப் பிரிவு, அவ்வளவுதான். அங்கேதான் நடிகை ஜோன் கூப்பரைச் சந்தித்தார். 1948 ஜனவரியில் கல்யாணம்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம்: லண்டனில் இசை நாடகங்கள், சினிமாவில் பேர் தெரியாத வேஷங்கள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1949இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ படம். எட்டுப் பேரைத் தானே ஏற்று நடித்த அலெக் கின்னஸ்தான் எல்லோருக்கும் நினைவிருப்பார். படத்தின் கடைசி நிமிடத்தில், தூக்கிலிருந்து தப்பித்துச் சிறைவாசலுக்கு வெளியே வரும் கொலைகாரக் கதாநாயகனிடம் ஒரு பத்திரிகைக்காரர் வந்து, உங்கள் நினைவுக் குறிப்புகளை எங்கள் பத்திரிகை வெளியிடலாமா என்று பணிவாகக் கேட்கிறார். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது: செய்த கொலைகளை எல்லாம் எழுதிவைத்த தாள்களைச் சிறை அறையிலேயே விட்டு வந்துவிட்டான். அந்தப் பத்திரிகைக்காரர் ஆர்தர் லோ. திரையில் சில வினாடிதான் இருக்கிறார். மொத்தக் கதையும் அவர் கேள்வியில்தான் கவிழ்கிறது. அவரோ, தான் எதையாவது கவிழ்த்தோம் என்று தெரியாத முகத்தோடு நிற்கிறார். அவருடைய முதலீடு முழுவதும் அந்த முகம்தான்.

ஸ்விண்ட்லி என்ற பொறி

1960 டிசம்பரில் கிரனாடா டெலிவிஷன் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரைத் தொடங்கியது. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் தெரு ஒன்றின் கதை, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் லெனார்ட் ஸ்விண்ட்லி என்ற ஜவுளிக் கடைக்காரராக லோ வந்தார். மது தொடாதவர், தேவாலயக் காரியங்களில் முன்னால் நிற்பவர், வாயைத் திறந்தால் மேடைப்பேச்சு. கூட வேலை பார்த்த எமிலி நியூஜென்ட்டோடு 1964இல் கல்யாணம் வரை வந்து கடைசி நேரத்தில் நின்றுபோகிறது. எமிலிதான் பின்வாங்குகிறாள். பார்க்கிறவர்களுக்கு எமிலி மேல் கோபம் வருவதில்லை. ஸ்விண்ட்லி மேலும் வருவதில்லை.

லோ வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். தெருவில் போனால் ஸ்விண்ட்லி என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. தொடர் நாடகத்தில் மாட்டிக்கொள்ளும் நடிகனின் பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: வேஷம் நம்மைத் தின்றுவிடுமோ என்று. 1965இல் கொரோனேஷன் ஸ்ட்ரீட்டை விட்டு வெளியேறினார். ஆனால் ஸ்விண்ட்லி அவரை விடவில்லை. அந்தப் பாத்திரத்தையே எடுத்து ‘பார்டன் தி எக்ஸ்பிரஷன்’ என்று ஒரு தனி நகைச்சுவைத் தொடர் செய்தார்கள். அது முடிந்ததும் 1967இல் ‘டர்ன் அவுட் தி லைட்ஸ்’ என்று இன்னொன்று. இரண்டாவது ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது.

இதே வருடங்களில் அவர் வேறொரு பக்கமும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சனின் ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’ படம் 1963இல். ஜான் ஆஸ்பர்னின் ‘இன்அட்மிஸிபிள் எவிடென்ஸ்’ ராயல் கோர்ட் மேடையில் 1964இல். அன்றைய பிரிட்டனின் கோபக்கார இளைஞர்கள் எழுதிய, இயக்கிய படைப்புகளில், அவர்களுக்கு ஆகாத நடுத்தர வர்க்கத்து ஆளாக நம்பும்படி நிற்க ஒருவர் தேவைப்பட்டார். லோ அதற்கு வாய்ப்பாக இருந்தார்.

வேஷம் கிடைத்த விதம்

‘டாட்ஸ் ஆர்மி’ பிறந்தது ஜிம்மி பெர்ரியின் சொந்த அனுபவத்திலிருந்து. 1940 மே 14 அன்று அமைச்சர் ஆந்தனி ஈடன் வானொலியில் ஊர்க்காவல் படைக்குத் தன்னார்வலர்களைக் கேட்டார். ஜூலைக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ராணுவத்துக்கு வயது மீறியவர்கள், வயது வராதவர்கள், வேலையை விட முடியாதவர்கள். பெர்ரி வாட்ஃபோர்டில் அந்தப் படையில் இருந்த பையன். 1960களில் அவர் சில்லறை வேஷங்களில் காலம் தள்ளிக்கொண்டிருந்த நடிகர். தனக்கே ஒரு நல்ல வேஷம் எழுதிக்கொண்டால் என்ன என்று தொடங்கியதுதான் இந்தக் கதை. கடைசியில் அந்த வேஷம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கேப்டன் வேஷத்துக்குப் பெர்ரியின் மனதில் இருந்தவர் லோ. பிபிசி நகைச்சுவைப் பிரிவுத் தலைவர் மைக்கேல் மில்ஸ், அவர் நம்மிடம் வேலை பார்ப்பவர் இல்லையே என்று கேட்டதாகச் சொல்வார்கள். லோ கிரனாடாவின் ஆள், போட்டிக் கடைக்காரர். முதலில் தோர்லி வால்டர்ஸிடம் கேட்டார்கள், ஜான் பெர்ட்வீயிடம் பேசினார்கள். இருவரும் கைநழுவிப் போன பிறகுதான் லோவைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்தச் சாப்பாட்டில் லோ என்ன செய்தார் தெரியுமா? புதுத் தொடர் ‘ஹியூ அண்ட் ஐ’ மாதிரி அசட்டுத்தனமாக இருக்காது என்று நம்புகிறேன், அதை என்னால் சகிக்க முடியாது என்றார். எதிரே உட்கார்ந்திருந்த டேவிட் கிராஃப்ட்தான் ‘ஹியூ அண்ட் ஐ’யைத் தயாரித்து இயக்கியவர். கிராஃப்டே பிறகு பலமுறை சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. லோ தடுமாறிச் சமாளித்தார். வேஷம் போகவில்லை. கிராஃப்டுக்கு வேண்டிய கேப்டன் மேனரிங், வேலை கேட்க வந்த இடத்திலேயே முழுசாக வந்து உட்கார்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

மேனரிங் என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டு உண்டு. எழுத்தில் அது ‘மெயின்வேரிங்’. வாயில் ‘மேனரிங்’. ஆங்கிலேயர்களின் பழைய குடும்பப் பெயர்கள் பலவும் இப்படித்தான், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த உச்சரிப்பு. மேனரிங்கோ அந்தப் பழைய குடும்பத்து ஆள் கிடையாது. நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் போகும் கிராமர் ஸ்கூல் படிப்பு, குமாஸ்தாவாகத் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறி, வால்மிங்டன் வங்கிக் கிளையின் மேனேஜர். அவருக்குக் கீழே தலைமைக் குமாஸ்தா ஆர்தர் வில்சன். படையிலும் கீழே, சார்ஜென்ட். ஆனால் வில்சன் பெரிய இடத்துப் பிள்ளை, பப்ளிக் ஸ்கூல் (பெயர்தான் பப்ளிக், பணக்காரர்களின் தனியார் பள்ளி) படிப்பு, பேச்சில் அலட்டலே இல்லாத நளினம். மேனரிங் கத்தி வாங்க வேண்டிய மரியாதையை வில்சன் கேட்காமலே வாங்கிவிடுவார்.

வில்சனாக வந்தவர் ஜான் லெ மெசூரியர். பார்த்த எவரும் அவரைத்தான் அதிகாரி வேஷத்துக்குப் போட்டிருப்பார்கள், லோவைச் சார்ஜென்டாக்கியிருப்பார்கள். இங்கே அது தலைகீழானது. மொத்தத் தொடரும் அந்த ஒரு முடிவின் மேல் நிற்கிறது. நிஜத்திலும் கணக்கு விநோதம்தான். லெ மெசூரியர் ஷெர்போர்ன் என்ற பப்ளிக் ஸ்கூலில் படித்தவர். போரில் ராயல் டேங்க் ரெஜிமெண்டின் கேப்டன், இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பணியாற்றியவர். லோ சார்ஜென்ட் மேஜர். நிஜ கேப்டன் சார்ஜென்ட் வேஷம் போட, நிஜ சார்ஜென்ட் மேஜர் கேப்டன் வேஷம் போட்டார். சம்பளத்திலும் அந்த ஏற்றத்தாழ்வு இருந்தது: தொடக்கத்தில் அத்தியாயத்துக்கு லெ மெசூரியருக்கு 262 பவுண்டு சொச்சம், ‘தலைவர்’ லோவுக்கு 210.

1968 ஜூலை 31 அன்று முதல் அத்தியாயம். லோவுக்கு அப்போது 52 வயது.

மிடுக்கு உடையும் நொடி

1968 முதல் 1977 வரை ஒன்பது பருவம், 80 அத்தியாயம். உச்சத்தில் 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள். வாரம் முழுக்க ஒத்திகை, பிறகு ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் முன்னால் பதிவு. வெளிப்புறக் காட்சிகள் நார்ஃபோக்கின் தெட்ஃபோர்ட் பக்கம். இந்த ஒத்திகைகளில் லோவைப் பற்றி எல்லோரும் சொன்ன புகார் ஒன்றுதான்: வசனம் பாடம் பண்ண மாட்டார். திரைக்கதையை வீட்டுக்கே கொண்டுபோக மாட்டார். இரண்டு பிரதியாக அனுப்பி, ஒன்றையாவது தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது மண்டைக்குள் இறங்கட்டும் என்று கிராஃப்ட் கிண்டல் செய்ததாக ஒரு கதை உண்டு. வாரம் ஒரு நாடகத்தை முழுசாக விழுங்கிப் பழகிய ரெப் நடிகர் இப்படிச் செய்ததை எப்படிப் புரிந்துகொள்வது? எனக்குத் தெரிந்து ஒரே விளக்கம்தான். இருபது வருடம் அந்தச் சுமையைச் சுமந்தவர், வீட்டு வாசற்படியோடு அதை நிறுத்திவிட முடிவு செய்தார்.

சக நடிகர்களுக்குத் தலைவலி, கேமராவுக்கு லாபம். அடுத்த வரி நாக்கில் வராமல் லோ ஒரு கணம் தயங்குவார், மூச்சை இழுப்பார், கண்ணாடியைச் சரிசெய்வார். மேனரிங்கும் அப்படித்தான்: எடுத்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாத ஆள். எது நடிகரின் தடுமாற்றம், எது பாத்திரத்தின் தடுமாற்றம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தக் குண்டு அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். 1973 அக்டோபர் 31 அன்று ஒளிபரப்பானது. பிடிபட்ட ஜெர்மன் கேப்டனாக ஃபிலிப் மடாக். தன்னை அவமதிப்பவர்களின் பெயரை அவன் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வருகிறான், போரில் ஜெயித்த பிறகு கணக்குத் தீர்க்க. படையிலேயே சின்னவனான பைக், ஹிட்லரைக் கேலி செய்து ஒரு பாட்டு எடுத்துவிடுகிறான். உன் பெயரும் பட்டியலில் ஏறும், உன் பெயர் என்ன, என்று ஜெர்மானியன் கேட்கிறான். தன் ஆளைக் காப்பாற்ற மேனரிங் பாய்ந்து வருகிறார்: “அவனிடம் சொல்லாதே, பைக்!”

பிரிட்டனில் இந்த வரியைத் தெரியாதவர்கள் குறைவு. காகிதத்தில் படித்தால் ஓர் எளிய ஜோக், பள்ளிக்கூடப் பையன்கள்கூட எழுதுவார்கள். இதை நிற்க வைப்பது லோ சொல்லும் விதம். ஜோக் சொல்கிறோம் என்ற சாயல் அவர் குரலில் துளியும் கிடையாது. தளபதி ஒருவர் சமயோசிதமாகக் கட்டளையிடும் குரல் அது. அவ்வளவு கம்பீரம், அவ்வளவு அவசரம். பெயர் வெளியே போய்விட்டது என்பது அவருக்குக் கடைசியாகத்தான் தெரியும். சிரிப்பு மூட்டுகிறவன் முகத்தில் சிரிப்பு இருக்கக் கூடாது என்பது நாம் கேட்டுப் பழகிய பாடம்தான். லோ அதற்கும் ஒரு படி மேலே போனார். மேனரிங்கின் மரியாதையைத் தன் சொந்த மரியாதை போல் காத்தார். கால்சட்டையில் குண்டு வைக்கச் சம்மதிக்கிற மேனரிங் வெறும் கோமாளி. சம்மதிக்காத மேனரிங்குக்குத்தான் விழுவதற்கு ஓர் உயரம் இருக்கிறது.

விழும்போதும் பெரிதாக எதுவும் செய்ய மாட்டார். ஏதோ ஒன்று இடிந்து விழும், வெடிக்கும், வண்டி தடம் புரளும். தூசி அடங்கியதும் கேமரா அவர் முகத்துக்கு வரும்: தொப்பி சாய்ந்திருக்கும், கண்ணாடி கோணலாக ஒரு காதில் தொங்கும், முகம் மட்டும் எதுவுமே நடக்காதது போல இருக்கும். கை மெல்லப் போய்த் தொப்பியை நேராக்கும். பிறகு பழி முழுக்க பைக்கின் தலையில்: “மடப்பயலே!”

சிரிப்பே இல்லாத இடமும் உண்டு. 1970இல் வந்த ‘மம்ஸ் ஆர்மி’ அத்தியாயத்தில் படைக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள். வந்தவர்களில் ஒருத்தி திருமதி கிரே; கார்மென் சில்வேரா நடித்தார். மேனரிங் காதலில் விழுந்துவிடுகிறார். அவருக்கு வீட்டில் எலிசபெத் என்ற மனைவி உண்டு. தொடர் முழுவதும் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒருமுறை, பதுங்குகுழியில் மேல் படுக்கை கீழே தொய்ந்து புடைப்பதைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஊர் வாய் பேசத் தொடங்கியதும் திருமதி கிரே ஊரைவிட்டே கிளம்புகிறாள். ரயில் நிலையத்தில் மேனரிங் போகாதே என்று மன்றாடுகிறார். வங்கி மேனேஜர், படைத்தலைவர், ஊர்ப் பெரியவர் எல்லாம் கழன்றுபோய், ஐம்பது வயதுக்கு மேல் ஒரே ஒருமுறை ஆசைப்பட்ட மனிதன் மட்டும் நிற்கிறான். ரயில் போய்விடுகிறது. அரை மணி நேர நகைச்சுவைத் தொடரில் இப்படி ஒரு முடிவை வைக்க எழுத்தாளர்களுக்குத் துணிச்சல் வேண்டும். அதைத் தாங்க நடிகரும் வேண்டும்.

1975 கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் லோ இரட்டை வேஷம் போட்டார். ஊர்ப் பிரமுகர்களுக்கு மேனரிங் ஷெர்ரி விருந்து வைக்கும் நாளில் அவர் சகோதரர் பேரி வந்து சேர்கிறார்: குடிகாரர், ஊர் ஊராகப் போய் வேடிக்கைச் சாமான் விற்கும் சேல்ஸ்மேன், எதற்கும் கூச்சப்படாதவர். செத்துப்போன அப்பாவின் கடிகாரம் யாருக்கு என்று தகராறு. அப்பா நடத்தியது பெரிய ஆடையகம் என்று மேனரிங் சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் பொய்; சந்துக்குள் ஒரு சின்னக் கடை என்று பேரி போட்டு உடைக்கிறார். ஒரே முகம், ஒரே உடம்பு. ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார், மற்றவர் தளர்ந்து தொங்குகிறார். மிடுக்கு என்பது மேனரிங் தினமும் காலையில் எடுத்து மாட்டிக்கொள்ளும் சட்டை என்பதை லோ இதைவிடத் தெளிவாக எங்கும் காட்டியதில்லை.

மேடையும் சினிமாவும்

இந்த வருடங்களில் அவர் வேறு எதையும் செய்யவில்லை என்று நினைத்தால் தவறு. ஆண்டர்சனின் ‘இஃப்’ படத்தில் விடுதிக் காப்பாளர். 1974இல் நேஷனல் தியேட்டருக்காக ஓல்ட் விக் மேடையில் பீட்டர் ஹால் இயக்கிய ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’டில் குடிகார ஸ்டெஃபானோ, பிராஸ்பெரோவாக ஜான் கீல்குட். டிக்கன்ஸ் நாவலை வைத்து பிபிசி எடுத்த ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’டில் எப்போதும் கடனில் இருக்கும் மிகாபர். ‘மிஸ்டர் மென்’ குழந்தைக் கார்ட்டூன்களுக்கு எல்லாக் குரலும் அவர்தான். பிரிட்டனில் 1970களில் வளர்ந்தவர்களில் பலர் அவர் குரலை முதலில் கேட்டது அதில்தான்.

நடிப்புக்கு அவருக்குக் கிடைத்த பிரிட்டிஷ் திரைத்துறையின் பாஃப்டா விருது மேனரிங்குக்கு வந்ததில்லை. ஆண்டர்சனின் ‘ஓ லக்கி மேன்!’ படத்தில் மூன்று வேஷம் போட்டதற்காகக் கிடைத்தது. அந்த மூன்றில் ஒன்று, முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு நடித்த ஆப்பிரிக்க சர்வாதிகாரி வேஷம். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று பார்க்கச் சகிக்கவில்லை. அவர் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கடைசி வருடங்கள்

1977 நவம்பரில் தொடர் முடிந்தது. வேலைக்குப் பஞ்சமில்லை. பிபிசியின் போட்டித் தொலைக்காட்சியான ஐடிவியில் ‘ப்ளெஸ் மீ, ஃபாதர்’ தொடரில் ஐரிஷ் கத்தோலிக்கப் பாதிரியார் டடில்ஸ்வெல். பிபிசியில் ராய் கிளார்க் எழுதிய ‘பாட்டர்’ தொடரில், ஓய்வுபெற்றும் ஊரை மேய்ப்பதை நிறுத்தாத மிட்டாய்க் கம்பெனி முதலாளி. இரண்டிலும் அதே மிடுக்கு, வேறு உடுப்பு. ஸ்விண்ட்லியிடமிருந்து தப்பித்தவர் மேனரிங்கிடமிருந்து தப்பிக்க ரொம்பவும் மெனக்கெடவில்லை என்று எனக்குப் படுகிறது. வயது ஒரு காரணம். உட்கார்ந்த இடத்தில் கண் சொக்க வைக்கும் நார்கொலெப்சி என்ற தூக்க நோய் இன்னொரு காரணம்.

மூன்றாவது காரணம் அவர் வீறாப்பின் மறுபக்கம். மேடை நாடகத்துக்குக் கூப்பிட்டால், ஜோனுக்கும் வேஷம் உண்டா என்பது அவர் கேள்வியாக இருந்தது. ரெப் நாட்களில் கூடவே நடித்து, பிறகு பிள்ளை வளர்ப்பில் தொழிலைத் தவறவிட்ட மனைவி. (‘டாட்ஸ் ஆர்மி’யிலும் படையின் கிழவர்களில் ஒருவரான காட்ஃப்ரியின் சகோதரி டாலியாக ஜோன் சில முறை வந்து போயிருக்கிறார்.) கால்சட்டை நிபந்தனையில் இறங்கிவராதவர் இதில் மட்டும் இறங்கிவருவாரா? நேஷனல் தியேட்டர் மேடையேறியவர், ஆண்டர்சன் தேடித் தேடிப் போட்ட நடிகர், சிற்றூர் அரங்குகளுக்குப் பழைய நாடகங்களைத் தூக்கிக்கொண்டு சுற்றத் தொடங்கினார், மனைவியோடு. அதைச் சரிவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் கதவுகளைத் தானே சாத்திக்கொண்டார் என்பது உண்மைதான். எந்தக் கதவு என்று அவருக்குத் தெரிந்தே சாத்தினார் என்பதும் உண்மை.

1981இல் ஒருமுறை மேனரிங் திரும்பி வந்தார், வானொலியில். போர் முடிந்த பிறகு ஒரு பழைய கடற்கரைப் பாலத்தை விலைக்கு வாங்க அலைகிறார். கடன் கேட்டுப் போகும் வங்கியின் மேனேஜர் நாற்காலியில் வில்சன். முன்னோட்ட அத்தியாயம் பதிவானது. அதற்குமேல் லோ இல்லை.

1982 ஏப்ரலில் ஆர். சி. ஷெரிஃப் எழுதிய ‘ஹோம் அட் செவன்’ நாடகத்தோடு பர்மிங்ஹாமில் இருந்தார்கள். 14ஆம் தேதி மதியம் பிபிசியின் ‘பெபிள் மில் அட் ஒன்’ நிகழ்ச்சியில் நேரலையில் உட்கார்ந்து பேசினார். அன்று மாலை அலெக்ஸாண்ட்ரா தியேட்டரில், காட்சி தொடங்கும் முன் ஒப்பனை அறையில் பக்கவாதம் வந்து சரிந்தார். மறுநாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயது 66.

மே மாதம் லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்குப் பழைய கூட்டாளிகள் நிறையப் பேர் வந்தார்கள். அதற்கு முன் சட்டன் கோல்ட்ஃபீல்டில் நடந்த தகனத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜோன் வரவில்லை. நாடகம் அப்போது பெல்ஃபாஸ்டுக்குப் போயிருந்தது. அவருக்கு அன்று அங்கே காட்சி இருந்தது.